இருப்பு வேறு, கிடைப்பது வேறு

(மண், உலோகம், பயிர் ஆகியவற்றின் உறவு குறித்து உழவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தவர்கள் ஹைட்ரேஞ்சா பூவைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய கொத்தாகப் பூக்கும். ஒரே செடியிலிருந்து இரண்டு போத்துகளை ஒடித்து இரண்டு வெவ்வேறு மண்ணில் நட்டால், ஓரிடத்தில் நீலமாகவும் இன்னோரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் பூக்கக்கூடிய செடி அது. நிறத்தை மாற்றுவது மண்ணிலுள்ள அலுமினியம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர் வழியே ஏறி, பூவின் நிறமியோடு சேர்கிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைவதில்லை. பூ இளஞ்சிவப்பாகவே இருந்துவிடுகிறது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் நீலம் வேண்டுமென்றால் படிகாரக் கரைசலை ஊற்றுவார்கள். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்பு தூவுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மண்ணிலும் அலுமினியத்துக்குப் பஞ்சமே இல்லை. பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் அலுமினியம்தான். ஆனாலும் ஒரு செடிக்கு அது கிடைக்கிறது, மற்றொன்றுக்குக் கிடைப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்ததும் இதைத்தான். மண்ணில் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு; அதில் செடிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறொரு கணக்கு. லாக்கரில் இருக்கும் நகையும் சட்டைப்பையில் இருக்கும் பணமும் ஒருவருடைய சொத்துதான். கடையில் செலவாவது பையில் இருப்பது மட்டுமே. பயிருக்குச் சத்தாகும் உலோகத்துக்கும் இது பொருந்தும், நஞ்சாகும் உலோகத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டு ஊர்கள்

இந்த வேறுபாடு மனித உயிர்களோடு விளையாடிய கதை ஒன்று உண்டு. ஜப்பானின் டோயாமா மாகாணத்தில் ஜின்சு என்றோர் ஆறு. அதன் மேல்பகுதியில் கமியோகா சுரங்கம். ஈயமும் துத்தநாகமும் வெட்டியெடுத்த இடம். துத்தநாகத் தாதுவோடு காட்மியம் என்ற உலோகமும் ஒட்டிக்கொண்டே வரும். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது, ஆற்றுநீர் நெல்வயல்களில் பாய்ந்தது. கீழ்ப்பகுதி ஊர்களில், பெரும்பாலும் பல பிள்ளைகள் பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது. எலும்பு மென்மையாகி, இருமினாலும் முறியும் நிலை வந்தது. வலி தாங்காமல் அவர்கள் அலறியதையே பெயராக்கி, 'இதாய் இதாய்' நோய் என்றார்கள். காட்மியமே அதற்கு அடிப்படைக் காரணம் என்று ஜப்பான் அரசு 1968-ல் அறிவித்தது.

அந்த வயல்களின் மண்ணில் இருந்த காட்மியம் எவ்வளவு? ஒரு கிலோ மண்ணுக்குச் சில மில்லிகிராம்தான்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். சோமர்செட் மாவட்டத்தில், மெண்டிப் குன்றுகளின் மேல் ஷிப்பம் என்றொரு சிற்றூர். பழைய காலத்தில் துத்தநாகத் தாது தோண்டிய ஊர். தோண்டி முடித்தபின் அந்த மண்ணின்மேலேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, கீரையும் கிழங்கும் பயிரிட்டு வந்தார்கள். 1979-ல் அந்த மண்ணின் காட்மிய அளவு வெளியே தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிய தோட்டங்கள் இருந்தன. உச்ச அளவு 300-க்கும் மேல். ஜின்சு வயல்களோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. ஊர் மக்களை மருத்துவர்கள் சோதித்தார்கள். உடலில் சிறு வேறுபாடுகள் தெரிந்தனவே தவிர, இதாய் இதாய் நோய் அங்கே ஒருவருக்கும் இல்லை.

காட்மியம் குறைவாக இருந்த மண்ணில் எலும்பு நொறுங்கியது. பல மடங்கு கூடுதலாக இருந்த மண்ணில் மக்கள் நலமாக இருந்தார்கள். ஏன்? உணவுப் பழக்கம் ஒரு காரணம். ஜின்சுக் கரையில் மூன்று வேளையும் தம் வயல் அரிசி. ஷிப்பத்தில் தோட்டக் காய்கறி உணவின் ஒரு பகுதி மட்டும். ஆனால் அதோடு விடை முடியவில்லை. மீதி விடை மண்ணில் இருக்கிறது. ஷிப்பம் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த ஊர். அதன் மண் காட்மியத்தை இறுகப் பிடித்துவைத்திருந்தது. அதுபோக, காட்மியத்தோடு போட்டியிடும் துத்தநாகம் அங்கே கொட்டிக் கிடந்தது. ஜின்சு வயல்களின் மண்ணோ, நீர் வற்றும்போதெல்லாம் காட்மியத்தைக் கைவிட்டது. பிடிப்பதையும் விடுவதையும் தீர்மானிக்கும் அதிகாரிகள் நான்கு பேர்; அவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதல் அதிகாரி: அமிலமும் காரமும்

மண் பரிசோதனை அட்டையில் பி.ஹெச். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு படிக்கும் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும். 6-லிருந்து 5-க்கு இறங்குவது சிறு மாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது.

மண்ணின் களித்துகள்களும் மக்கிய பொருள்களும் தம்மேல் எதிர்மின்னேற்றம் கொண்டவை. காட்மியம், துத்தநாகம், ஈயம், நிக்கல், செம்பு போன்றவை நேர்மின்னேற்றத்தோடு கரைபவை. இவை அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. மண் அமிலமானால் ஹைட்ரஜன் அயனிகள் பெருகி, உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தள்ளப்பட்ட உலோகம் மண்நீரில் கலந்து வேருக்கு எட்டுகிறது. மண் காரமானால் நிலைமை தலைகீழ்: உலோகம் ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ படிந்து ஒதுங்கிவிடுகிறது.

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம்வரை இரும்பு இருக்கும். ஓர் ஏக்கர் மேல்மண்ணில் டன் கணக்கில் இரும்பு; பயிர் ஒரு பருவத்துக்குக் கேட்பதோ சில கிலோவுக்கு மேல் இல்லை. ஆனால் பி.ஹெச். ஓர் எண் உயர்ந்தால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. துத்தநாகம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கொங்கு நாட்டிலும் தென்மாவட்டக் கரிசலிலும் சுண்ணாம்புக்கட்டி கலந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும். நிலக்கடலையின் இளங்கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிடும். கரும்பிலும் இதே கதைதான். அதற்காக இரும்பு உப்பான அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறோம். மண்ணில் போட்டால் பயன் இல்லையா என்று கேட்பீர்கள். போட்ட அன்னபேதியும் அந்தச் சுண்ணாம்பு மண்ணில் சில நாளிலேயே துருவாகப் படிந்து, ஏற்கெனவே இருக்கும் டன் கணக்கான இரும்போடு சேர்ந்துவிடும். இலை வழியாகக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மறுமுனையில் நீலகிரி. தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும், பி.ஹெச். 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. அங்கே கரையும் அலுமினியத்தைத் தேயிலை தாங்கிக்கொள்கிறது. முதிர்ந்த இலைகளில் பெருமளவில் சேர்த்தும் வைக்கிறது. அதே அலுமினியம் பெரும்பாலான தானியப் பயிர்களுக்கு ஆகாது. வேர்நுனி தடித்து, குட்டையாகி, தண்ணீரைத் தேடிப் போக முடியாமல் நின்றுவிடும்.

ஆனால் எல்லா உலோகமும் அமிலத்தில் கரையும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மாலிப்டினம் எதிர்மின்னேற்றத்தோடு கரைவது; அமில மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் அதைப் பற்றிக்கொள்ளும், சுண்ணாம்பு போட்டால் விடும். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க மாலிப்டினம் கட்டாயம் தேவை. 1942-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏ.ஜே. ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், தேறாமல் கிடந்த தீவன மேய்ச்சல் நிலத்துக்கு வெகு சொற்ப அளவு மாலிப்டினம் இட்டு, நிலம் செழிப்பதைக் காட்டினார். அமில நிலத்துக்குச் சுண்ணாம்பு இட்டால் பயறு நன்றாக வருவதற்கு, மண்ணில் முடங்கிக் கிடந்த மாலிப்டினம் விடுபடுவதும் ஒரு காரணம்.

இரண்டாம் அதிகாரி: தண்ணீரும் காற்றும்

நம் நாட்டுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. நெல்வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேண்டுமே! முதலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. அடுத்து நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, அதன்பின் சல்பேட். இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் பயன்படுத்திக்கொள்கின்றன. இந்த மாற்றங்களை ஒழுங்காகத் தொகுத்து உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த மண்வேதியியலாளர் பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், நீர்தேங்கிய மண்ணின் வேதியியல் குறித்து 1972-ல் எழுதிய நெடிய கட்டுரை இன்றும் அந்தத் துறையின் அடித்தளம். அமில மண்ணாக இருந்தாலும் கார மண்ணாக இருந்தாலும், சில வாரம் தண்ணீரில் நின்றால் பி.ஹெச். நடுநிலையை நோக்கி நகர்கிறது என்பது அவர் விளக்கியவற்றுள் ஒன்று.

இப்போது காட்மியத்துக்கு வருவோம். தண்ணீர் நிற்கும் வயலில் சல்பேட் சல்ஃபைடாக மாறுகிறது. சல்ஃபைடு காட்மியத்தைப் பிடித்து, கரையாத காட்மியம் சல்ஃபைடாக்கிவிடுகிறது. நெல்லுக்குக் காட்மியம் கிட்டாது. கதிர் முற்றும் சமயத்தில், அறுவடைக்கு வசதியாக, வயலைக் காயவிடுகிறோம். காற்று உள்ளே புகுகிறது, சல்ஃபைடு மீண்டும் சல்பேட்டாகிறது, காட்மியம் விடுதலையாகிறது. கதிரில் பால் பிடித்து மணி திரளும் நேரமும் அதுவே. ஜின்சு வயல்களில் நடந்தது இதுதான். மண்ணில் மொத்தக் காட்மியம் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. வயலைக் காயவைத்த நாள்கள்தான் அரிசியின் காட்மியத்தைத் தீர்மானித்தன.

அப்படியானால் அறுவடைவரை தண்ணீர் நிறுத்திவிட்டால் போதுமா? காட்மியத்துக்குப் போதும். ஆனால் அங்கே ஆர்செனிக் காத்திருக்கிறது. அது முழு உலோகம் இல்லை, பாதி உலோகம் என்பார்கள். நஞ்சு என்பதில் ஐயமில்லை. காற்றோட்டமான மண்ணில் ஆர்செனிக்கை இரும்பு ஆக்சைடுகள் பிடித்துவைத்திருக்கும். தண்ணீர் நின்றால் அந்த இரும்பு ஆக்சைடே கரைகிறது. பிடித்திருந்த ஆர்செனிக்கும் கூடவே கரைகிறது. கரைந்த ஆர்செனிக்கின் வடிவம் மணல்சத்தான சிலிக்கா அமிலத்தை ஒத்திருப்பதால், நெல்வேரில் சிலிக்காவுக்காக இருக்கும் வாசல் வழியே அது நுழைந்துவிடுகிறது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மாவும் அவருடைய குழுவினரும் இந்த வாசலை 2006-ல் கண்டறிந்து, ஆர்செனிக்கும் அதன் வழியே போவதை 2008-ல் நிறுவினார்கள். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கும் பகுதிகளில், அந்த நீரைப் பாய்ச்சும் கோடைப்போக நெல்லுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஆக, வயலைக் காயவிட்டால் காட்மியம், கட்டிவைத்தால் ஆர்செனிக். நம் வேளாண் துறை தண்ணீர்ச் சிக்கனத்துக்காகக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சச் சொல்கிறது. நல்ல முறை. ஆர்செனிக் உள்ள நிலத்தில் அது அரிசியின் நஞ்சையும் குறைக்கும். ஆனால் தொழிற்சாலைக் கழிவால் காட்மியம் சேர்ந்த வயலில், கதிர் வரும் பருவத்தில் மட்டும் காய்ச்சலைத் தவிர்ப்பது நல்லது. ஒரே பாசன முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டு இல்லை. பட்டை தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேலும், கனிம ஆர்செனிக் 0.2 மில்லிகிராமுக்கு மேலும் போகக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. தண்டிலிருந்து வேர்வரை ஓடும் காற்றறைகள் வழியே ஆக்சிஜனைக் கீழே அனுப்புகிறது. வேரைச் சுற்றி இரும்பு துருவாகப் படிகிறது. நெற்பயிரைப் பிடுங்கிக் கழுவினால் வேர் செம்பழுப்பாக இருப்பது அதனால்தான். அந்தத் துருப்படலம் ஆர்செனிக்கின் ஒரு பகுதியை வெளியிலேயே தடுத்துவிடுகிறது.

மூன்றாம் அதிகாரி: மக்கும் பொருள்

தொழுவுரமும் பசுந்தாளும் மக்கிய பிறகு மிஞ்சும் கருமையான பொருள், உலோகங்களைப் பிடிப்பதில் வல்லது. குறிப்பாகச் செம்பையும் ஈயத்தையும் விடாது. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்கள் இதற்குச் சாட்சி. செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை 1880-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெளித்துவருகிறார்கள். செம்பு முழுவதும் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. சுண்ணாம்பும் மக்கும் உள்ள நிலத்தில் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மணற்பாங்கான அமில நிலத்திலோ, பழைய கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிய கொடி நட்டபோது, வேர் ஆழம் போகாத இளங்கொடிகள் செம்பு நஞ்சால் தேங்கின.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நன்கு மக்கிய உரம் உலோகத்தைப் பிடிக்கும்; அரைகுறையாக மக்கியதிலிருந்து கரையும் சிறு அமிலங்கள் உலோகத்தைச் சுமந்துகொண்டு நகர்த்தவும் செய்யும். நகரக் கழிவிலிருந்து செய்த உரத்தில் உலோகமே கலந்திருக்கலாம். ஆகவே 'இயற்கை உரம்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது. அது எதிலிருந்து செய்தது என்று கேட்க வேண்டும்.

நான்காம் அதிகாரி: உடனிருப்பவை

மண்நீரில் உலோகம் தனியே இருப்பதில்லை. துத்தநாகமும் காட்மியமும் வேதியியலில் உடன்பிறப்புகள். வேரில் ஒரே வாசலுக்காக அடித்துக்கொள்பவை. துத்தநாகம் போதிய அளவு இருந்தால் காட்மியத்துக்கு இடம் குறையும். இந்தியாவில் துத்தநாகக் குறைபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே. 'கைரா' என்று விவசாயிகள் அழைத்த நெல்நோய், கிருமியால் வருவதில்லை, துத்தநாகப் பற்றாக்குறையால் வருவது என்று 1966-ல் அவர் காட்டினார். தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை நடவுக்கு முன் மணலோடு கலந்து தூவும் பரிந்துரை உங்களுக்குப் புதிதில்லை.

உப்பும் ஒரு பங்காளி. தெற்கு ஆஸ்திரேலியாவில் உப்புநீர் பாய்ச்சிய உருளைக்கிழங்கில் காட்மியம் கூடியிருந்தது 1990-களில் தெரியவந்தது. உப்பிலுள்ள குளோரைடு, காட்மியத்தோடு இணைந்து அதை மண்ணின் பிடியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. கிணற்று நீர் உவரானால் விளைச்சல் குறையும் என்பது தெரிந்ததே. விளைந்ததன் தன்மையும் மாறக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செர்னோபில் விபத்துக்குப் பிறகும் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகும் வயல்களில் விழுந்த கதிரியக்கச் சீசியம், சாம்பல்சத்தான பொட்டாசியத்தின் வாசலைத்தான் பயன்படுத்தியது. ஜப்பானியர்கள் நெல்வயலுக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டார்கள். அரிசியில் சீசியம் வெகுவாகக் குறைந்தது. மண்ணில் சீசியம் அப்படியே இருந்தது. அரிசிக்குப் போகும் வழியில் மட்டும் கூட்டம் சேர்த்துவிட்டார்கள்.

நாம் போடும் தழைச்சத்தின் வகையும் கணக்கில் வரும். அம்மோனிய வடிவில் போட்டால், அதை உறிஞ்சும் வேர் ஹைட்ரஜனை வெளியிட்டுத் தன்னைச் சுற்றி அமிலமாக்குகிறது. நைட்ரேட் வடிவில் போட்டால் காரத்தை நோக்கி நகர்த்துகிறது. சீனாவில் இந்தப் பாடம் நாடு தழுவியது. 1980-களுக்கும் 2000-களுக்கும் இடையில், மிகுதியான நைட்ரஜன் உரத்தால் அங்குள்ள முக்கியப் பயிர்நிலங்களில் பி.ஹெச். அரை எண் அளவுக்கு இறங்கியதாக 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கூறியது. 2013-ல் குவாங்சோ நகரில் விற்ற அரிசியில் காட்மியம் வரம்பை மீறியது செய்தியானது. அதில் பெரும்பகுதி, சுரங்கங்கள் நிறைந்த ஹூனான் மாகாணத்திலிருந்து வந்தது. சுரங்கம் காட்மியத்தைக் கொடுத்தது. அமிலமான மண் அதை அரிசிக்குக் கொடுத்தது.

செடியின் பங்கு

மண்ணை மட்டும் பேசிவிட்டுச் செடியை விட்டுவிட முடியாது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்குத் தவிக்கும் செடிகள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. நிலக்கடலை, தக்காளி போன்ற இருவித்திலைச் செடிகள் அமிலத்தை விட்டு மண்ணைக் கரைக்கப் பார்க்கும். புல்லினம், அதாவது சோளம், கோதுமை, பார்லி போன்றவை, இரும்பைப் பற்றி இழுக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து சுரக்கும். அந்தப் பொருளை 1976-ல் ஜப்பானியர் தக்காகி கண்டார். சுண்ணாம்பு நிலத்தில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக விட்டபோது கடலையின் வெளிறல் குறைந்ததைச் சீன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மக்காச்சோளம் கரைத்த இரும்பு பக்கத்து வேருக்கும் கிடைத்தது.

இரும்புப் பசியில் செடி திறக்கும் வாசலில் காட்மியமும் நுழையும் என்பது இன்னொரு செய்தி. நெல்லில் மாங்கனீசுக்கான ஒரு வாசல்தான் காட்மியத்துக்கும் முக்கிய வழி. அந்த வாசல் பழுதான கோஷிஹிகாரி என்ற நெல் வகையை ஜப்பானியர்கள் அயனிக்கற்றை மூலம் உருவாக்கி 2012-ல் அறிவித்தார்கள். அதன் அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை.

செடியின் எந்தப் பகுதியை உண்கிறோம் என்பதும் முக்கியம். பொதுவாக இலை கூடுதலாகச் சேர்க்கும். காயும் தானியமும் குறைவாகச் சேர்க்கும். கீரையும் புகையிலையும் காட்மியத்தை ஈர்ப்பதில் முன்னணியில் நிற்பவை. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். சாலையோரக் கீரையில் காணும் ஈயத்தில் பெரும்பகுதி இலைமேல் படிந்த மண்ணும் தூசும்தான். அதை நன்றாகக் கழுவினால் போக்கலாம். உள்ளே ஏறிய காட்மியத்தை எத்தனை முறை கழுவினாலும் போக்க முடியாது.

பாலாற்றங்கரையின் குரோமியம்

நமக்கு அருகில் இருப்பதையும் பேச வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் தொழிலில் பயன்படும் குரோமியம் மூன்று மின்னேற்றம் கொண்டது. சாதாரண மண்ணில் இது கரைவதே அரிது. பயிரும் வேரைத் தாண்டி மேலே ஏற்றுவதில்லை. ஆறு மின்னேற்றக் குரோமியம் வேறு ஆள். தண்ணீரோடு ஓடும், சல்பேட்டின் வாசல் வழியே செடிக்குள் நுழையும், புற்றுநோய் விளைவிக்கும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் முதல் வகையின் ஒரு பகுதியை இரண்டாவதாக மாற்றவல்லவை என்று பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் காட்டினார்கள். மக்கிய பொருளும் கரைந்த இரும்பும் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. ஆகவே ஒரு நிலத்தில் 'மொத்தக் குரோமியம் இவ்வளவு' என்று சொல்லும் அறிக்கை பாதி அறிக்கைதான். தோல் ஆலைகளின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை உறுதியானது. அந்த இழப்பை அளக்கும்போது எந்த வடிவம், எந்த மண் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

என்ன செய்யலாம்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'மண் பிடித்துவைத்திருக்கிறதே, கழிவைக் கொட்டினால் என்ன' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது ஆபத்தான முடிவு. மண்ணின் பிடி நிரந்தரமானது அன்று. உரத்தால் அமிலமானால் விடும், நீர்ப் பாசனம் மாறினால் விடும், உவர்நீர் பாய்ந்தால் விடும். விட்டபின் நேர்செய்ய எவ்வளவு ஆகும் என்பதற்கு ஜின்சுப் பள்ளத்தாக்கே சான்று. அங்கே சுமார் 860 ஹெக்டேர் நிலத்தைச் சீரமைத்து நல்ல மண் போடும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. வந்தபின் விரட்டுவதைவிட வராமல் காப்பதே மலிவு.

உழவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். 2015 முதல் தரப்படும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கின்றன. பெரும்பாலானோர் தழை, மணி, சாம்பல் மூன்றை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைத்துவிடுகிறோம். அதே அட்டையிலுள்ள பி.ஹெச்., உப்பு நிலை, கரிமச் சத்து ஆகிய மூன்றையும் முதலில் படியுங்கள். அந்த மூன்றும்தான் மற்ற ஒன்பதும் உங்கள் பயிருக்குக் கிடைக்குமா என்பதைச் சொல்லும். அட்டையில் இருக்கும் துத்தநாகம், இரும்பு முதலியவற்றின் எண்கள் மொத்த இருப்பு அல்ல. பயிருக்குக் கிடைக்கக்கூடிய பங்கைக் கரைத்தெடுத்து அளந்தவை. ஆனால் அதில் காட்மியமோ ஈயமோ குரோமியமோ இல்லை. ஆலைக்கழிவு, சாக்கடை நீர், சுரங்கக் கழிவு சேர்ந்த நிலம் என்றால் அவற்றைத் தனியே சோதிக்கக் கேளுங்கள். மொத்த அளவோடு கரையும் அளவையும் கேளுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் கீரை போடாதீர்கள். நார்ப்பயிரோ மலரோ போடுங்கள். அமில மண்ணென்றால் பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இடுங்கள்; சுண்ணாம்பு மண்ணுக்கு அது வேண்டாம்.

சட்டம் வகுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ல் சீனா கொண்டுவந்த பயிர்நிலத் தர அளவுகோல் காட்மியத்துக்கு ஒரே எண்ணை வைக்கவில்லை. நெல்வயலுக்கு ஒன்று, மற்ற நிலத்துக்கு ஒன்று; அதிலும் பி.ஹெச். நிலைக்கு ஏற்ப நான்கு படிகள். நெல்வயலின் பி.ஹெச். 5.5-க்குள் இருந்தால் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், 7.5-க்கு மேல் இருந்தால் 0.8 மில்லிகிராம். மண்ணின் நிலையை மதித்து எழுதிய விதி அது. செம்மண், கரிசல், வண்டல், களர், மலைமண் என்று இத்தனை வகை மண் வைத்திருக்கும் நம் நாட்டுக்கும் அப்படியொரு விதி வேண்டும். நிலத்தில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அதை அந்த மண் எவ்வளவு விடுகிறது என்பதையும் அளந்து சொல்லும் விதி வரும்வரை, அந்தக் கேள்வியை ஒவ்வொரு மண் பரிசோதனை நிலையத்திலும் நீங்கள் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.